அழைப்பவர் பெயர்: யார் சொன்ன பெயர்?

கைபேசி ஒலிக்கிறது. தெரியாத எண்தான், ஆனால், எண்ணுக்கு மேலே ஒரு பெயர் தோன்றுகிறது. எடுப்பதா, விடுவதா என்று இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிவெடுத்துவிடுகிறோம். அந்த முடிவுக்கு அடிப்படையாக அமைந்த பெயர் எங்கிருந்து வந்தது, அதைச் சொன்னவர் யார் என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. அழைப்பவரே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதுபோன்ற ஒரு தோற்றம் உருவாகிவிடுகிறது. உண்மையில், அழைப்பவர் எதுவும் சொல்லவில்லை. எங்கோ ஒரு சர்வரில் உள்ள பதிவேட்டிடம் கேள்வி கேட்கப்பட்டது. அது ஒரு பதிலைத் தந்தது. அவ்வளவே.

இந்தக் கேள்வியைக் கேட்பது இன்று மிக எளிதாகிவிட்டது. ‘லைப்ரரி’ என்று நிரலாளர்கள் அழைக்கும் ஒரு சிறு நிரல் தொகுப்பைக் கணினியில் நிறுவிக்கொண்டு, நான்கைந்து வரிகள் எழுதத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர்கூட, எண்ணைக் கொடுத்துப் பெயரைப் பெறும் வசதியைத் தன் கணினியில் உருவாக்கிவிடலாம். மறுபுறம், அழைப்பவரின் பெயரைக் காட்டும் ‘சிஎன்ஏபி’ எனப்படும் சேவையை எல்லாச் செல்பேசிகளிலும் கொண்டுவருவதற்கான பணிகள் இந்தியாவில் நடந்துவருகின்றன. ஆகவே, பெயர் அறியும் இந்தச் சிறு கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நிரலாளர்களுக்கு மட்டுமான தேவை அல்ல; தொலைபேசி எண் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்குமான தேவை.

நான்கு வரிகளுக்குள் நடப்பது

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு சிற்றூரில் மருந்துக் கடை நடத்துபவர், தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே மருந்து அனுப்புகிறார். யார் அழைக்கிறார் என்பது எடுக்கும் முன்பே கணினித் திரையில் தெரிந்தால், அவருக்கு வேலை எளிதாகும். தெரிந்த நிரலாளர் ஒருவரிடம் கேட்கிறார். அவர் ஒரு சிறு நிரல் தொகுப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

முதல் வேலை, எண்ணை ஒழுங்குபடுத்துவது. ஒரே எண்ணை ஒருவர் முன்னால் பூஜ்யம் சேர்த்து எழுதுவார். இன்னொருவர் 91 சேர்ப்பார். மூன்றாமவர் நடுவில் இடைவெளி விடுவார். இவற்றையெல்லாம் நீக்கி, ‘இ.164’ என்னும் சர்வதேச முறைப்படி, நாட்டுக் குறியீட்டுடன் அதிகபட்சம் 15 இலக்கங்களுக்குள் அந்த எண் எழுதப்படுகிறது. இதற்கென்றே கூகுள் நிறுவனம் வெளியிட்ட ‘லிப்போன்நம்பர்’ என்னும் திறந்தமூல நிரல் தொகுப்பு உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. அந்த எண் செல்லத்தக்கதா, எந்த நாட்டுக்கு உரியது, செல்பேசியா தரைவழித் தொலைபேசியா, தொடக்கத்தில் எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதை எல்லாம் இணையத் தொடர்பு இல்லாமலேயே அது சொல்லிவிடும்.

‘தொடக்கத்தில்’ என்ற சொல் முக்கியம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் இந்தியா முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு, எண்ணின் முதல் சில இலக்கங்களைக் கொண்டு இது இன்ன நிறுவனத்தின் எண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எண் என்பது ஒருகாலத்தில் முகவரியைப் போன்றது. இன்று அது வெறும் அடையாளக் குறி.

எண்ணைக் கொண்டு இவ்வளவு அறியலாம். பெயரை அறிய முடியாது. எண்ணின் இலக்கங்களுக்குள் பெயர் ஒளிந்திருக்கவில்லை. எனவே இரண்டாம் கட்டமாக, அந்த நிரல் தொகுப்பு இணையத்தின் வழியே ஒரு தரவுத்தளத்திடம் கேள்வி அனுப்புகிறது. ‘ஏபிஐ’ எனப்படும் இந்த வாயிலைத் திறப்பதற்கு ஒரு சாவிச்சொல் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் வாங்குவோரும் உண்டு. பதில் வந்ததும் அதைத் திரையில் காட்டுவது மூன்றாம் கட்டம். மணி ஒலித்து முடிவதற்குள் இவை அனைத்தும் நடந்தாக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிரல் தொகுப்பு எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும், அதில் ஒரு பெயர்கூட இல்லை. அது ஒரு தூதர் மட்டுமே. தூது கொண்டுவரும் செய்தியின் உண்மை, செய்தியைத் தந்தவரின் கையில் இருக்கிறது. அதனால், ‘இந்த நிரல் சரியாக வேலை செய்கிறதா?’ என்ற கேள்வியைவிட ‘யாரிடம் கேட்கிறது?’ என்ற கேள்வியே முதன்மையானது.

பதினைந்து எழுத்துகளின் வரலாறு

அழைப்பவர் பெயரைக் காட்டும் ஏற்பாடு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. அங்குள்ள தரைவழித் தொலைபேசிகளில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட அமைதியில், விநாடிக்கு 1,200 பிட் வேகத்தில், எண்ணும் பெயரும் ஒலிக்குறிகளாக அனுப்பப்படும். தொலைபேசியில் இணைக்கப்பட்ட சிறு கருவி அவற்றைப் படித்து எழுத்தாகக் காட்டும். பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 15 எழுத்துகள். நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுண்டு தோன்றும்.

அந்தப் பெயர் அழைப்புடன் சேர்ந்து பயணம் செய்வதில்லை என்பது பலர் அறியாத செய்தி. அழைப்புடன் வருவது எண் மட்டுமே. அழைப்பைப் பெறுபவரின் தொலைபேசி நிறுவனம், அந்த எண்ணுக்குரிய பெயரைத் தரவுத்தளத்தில் தேடி எடுத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. கட்டணத்தை மிச்சப்படுத்த விரும்பும் நிறுவனம் பழைய பதிவுகளையே மீண்டும் காட்டக்கூடும். ஒரே எண்ணிலிருந்து அழைத்தாலும் இருவேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு இருவேறு பெயர்கள் தோன்றுவதற்கு இதுவே காரணம். செல்பேசி எண்களுக்குப் பல நேரங்களில் பெயருக்குப் பதிலாக ஊர்ப்பெயரோ, ‘வயர்லெஸ் காலர்’ என்ற பொதுச்சொல்லோதான் வரும். ட்விலியோ போன்ற நிறுவனங்கள் அமெரிக்க எண்களுக்கு நிரலாளர்களுக்குத் தருகின்ற பெயர் தேடும் வசதி, இத்தகைய பதிவுகளைச் சார்ந்ததே.

அந்த நாட்டிலும் இந்த வசதி எதிர்ப்பின்றி நுழைந்துவிடவில்லை. பெயருக்கு முன்பு, எண்ணைக் காட்டுவதே வழக்குக்கு உள்ளானது. அழைப்பவரின் இசைவின்றி அவருடைய எண்ணைக் காட்டுவது ஒட்டுக்கேட்புக்கு எதிரான தங்கள் மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று பென்சில்வேனிய நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் அதை உறுதிசெய்தது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பித் தஞ்சமடைந்த பெண், ரகசியமாக ஆலோசனை கேட்கும் நோயாளி, தகவல் தரும் சாட்சி ஆகியோருக்கு எண்ணை மறைக்கும் உரிமை வேண்டும் என்ற வாதம் அப்போது வலுவாக ஒலித்தது. இதன் பயனாக, நட்சத்திரக் குறியும் 67 என்ற எண்ணும் அழுத்தினால் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் எண்ணை மறைத்துக்கொள்ளும் வசதி அங்கு எல்லோருக்கும் பொதுவானது.

இன்னொரு நுட்பமும் அந்தப் பழைய ஏற்பாட்டில் இருந்தது. அழைப்பவர் தாமே மறைத்துக்கொண்டால் ஒரு குறியீடும், தகவல் கிடைக்காததால் காட்ட இயலாமல்போனால் வேறொரு குறியீடும் அனுப்பப்பட்டன. ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதும் ‘தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு என்பதை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் உணர்ந்திருந்தார்கள். இன்றைய செயலிகள் பலவற்றில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பெயர் இல்லாத எல்லா அழைப்பும் சந்தேகத்துக்கு உரியது என்ற மனநிலையை அவை நம்மிடம் வளர்த்துவிட்டன.

அடுத்தவர் வைத்த பெயர்

இந்தியாவில் அப்படி ஒரு பொதுப் பதிவேடு நெடுங்காலம் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை ட்ரூகாலர் போன்ற செயலிகள். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 2009இல் தொடங்கப்பட்ட ட்ரூகாலர் நிறுவனத்துக்கு இந்தியாவே மிகப் பெரிய சந்தை. விற்பனை அழைப்புகளாலும் மோசடி அழைப்புகளாலும் அலைக்கழிந்த மக்களுக்கு இத்தகைய செயலிகள் உண்மையாகவே கைகொடுத்தன என்பதை மறுக்க முடியாது. ஓர் எண்ணைப் பலர் ‘தொல்லை’ என்று குறித்தால் அடுத்தவருக்கு எச்சரிக்கை போய்ச் சேருகிறது. இது ஊரார் சேர்ந்து காவல் காப்பதைப் போன்றது.

ஆனால், இவ்வகைச் செயலிகளில் பெயர்கள் எப்படிச் சேர்கின்றன? பயனர்கள் தங்களைப் பற்றித் தருபவை ஒருபுறம். பயனர்கள் மற்றவர்களைப் பற்றிப் பரிந்துரைப்பவையும், பகிர்ந்துகொள்ளும் தொடர்புப் பட்டியல்களும் இன்னொருபுறம். நாம் அந்தச் செயலியை ஒருபோதும் நிறுவாமல் இருந்தாலும், நம் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் யாரோ ஒருவர் வழியாக நம் பெயர் அங்கே சென்றுசேர வாய்ப்பு இருக்கிறது.

தொடர்புப் பட்டியலில் நாம் எழுதுவது ஊருக்குச் சொல்லும் பெயர் அல்ல. நமக்கு மட்டும் புரிய வேண்டிய குறிப்பு. ‘குமார் கடன்’, ‘செல்வி வீட்டுவேலை’, ‘டாக்டர் சர்க்கரை’ என்றெல்லாம் எழுதிவைப்பது நம் வழக்கம். அந்தக் குறிப்பு அப்படியே ஒருவரின் அடையாளமாகப் பொதுவெளிக்கு வந்தால் என்ன ஆகும்? ஒரு காலத்தில் வீட்டுவேலை செய்தவர், பிறகு சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கலாம். பழைய குறிப்பு அவரைவிட்டு நீங்காமல், அவர் அழைக்கும் இடங்களுக்கெல்லாம் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். பட்டியலிலிருந்து தம் எண்ணை நீக்கிக்கொள்ளும் வசதியை ட்ரூகாலர் வைத்திருக்கிறது. ஆனால், பட்டியலில் தாம் இருப்பதே தெரியாதவர் எப்படி நீக்கக் கேட்பார்?

அரசுப் பதிவேட்டின் பெயர்

இந்தப் பின்னணியில்தான் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2022 நவம்பரில் கலந்தாய்வு அறிக்கையையும் 2024 பிப்ரவரியில் பரிந்துரைகளையும் வெளியிட்டது. இதன்படி, சிம் கார்டு வாங்கும்போது வாடிக்கையாளர் விண்ணப்பப் படிவத்தில் தரப்பட்ட பெயரே அழைப்பின்போது காட்டப்படும். ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களின் பெயர்ப் பட்டியலைப் பராமரிக்கும். அழைப்பைப் பெறும் நிறுவனம் அதைக் கேட்டறிந்து காட்டும். கேட்பவருக்கு மட்டும் தரலாம் என்று முதலில் பரிந்துரைத்த ஆணையம், எல்லோருக்கும் இயல்பாகவே தரலாம். வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்ற மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் நிலைப்பாட்டை 2025 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது.

அக்கம்பக்கத்தார் வைத்த பெயரைவிட, அடையாள ஆவணத்தைச் சரிபார்த்துப் பதிவுசெய்த பெயர் மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும், இங்கும் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. நம் வீடுகளில் சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது, அதை யார் பயன்படுத்துகிறார் என்று ஒருமுறை எண்ணிப்பார்த்தாலே அவை புலப்படும். அம்மாவின் கைபேசிக்கு மகன் பெயரில் சிம் வாங்கியிருப்போம். மனைவியின் எண் கணவரின் ஆதாரில் இருக்கும். வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கு முதலாளி வாங்கிக் கொடுத்த சிம் அவருடைய பெயரிலேயே இருக்கும். பதிவேடு சொல்வது இணைப்பின் உரிமையாளர் யார் என்பதை. பேசுபவர் யார் என்பதை அன்று.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் என்னும் வழக்கம் நம்மிடம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். ஆவணங்களிலோ அந்த முதலெழுத்து சில இடங்களில் பின்னால் போகிறது. சில இடங்களில் தந்தையின் முழுப் பெயராக விரிகிறது. ‘மு. கண்ணன்’ என்று ஊர் அறிந்தவர், திரையில் முதலில் ‘முருகேசன்’ என்று தோன்றக்கூடும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. வணிக இணைப்புகள் வைத்திருக்கும் நிறுவனங்கள், பதிவுபெற்ற வணிகக் குறியையோ ஜிஎஸ்டி பதிவில் உள்ள வணிகப் பெயரையோ தங்கள் ‘விருப்பப் பெயராக’க் காட்டிக்கொள்ளலாம் என்று டிராய் பரிந்துரைத்தது. தனிமனிதர்களுக்கு அத்தகைய தெரிவு பரிந்துரைக்கப்படவில்லை.

குரலுக்கு முன் வரும் பெயர்

இது வெறும் வசதிக் குறைவு சார்ந்த கேள்வி என்று கடந்துவிட முடியாது. நம் சமூகத்தில் ஒரு பெயர், ஆளை மட்டும் சுட்டுவதில்லை, மதத்தைச் சொல்லும், பல மாநிலங்களில் சாதியையும் சொல்லும். பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பது தமிழ்நாடு கடந்த நூற்றாண்டில் போராடிப் பெற்ற பண்பாடு. இருந்தும், பெயரைக் கேட்டதும் ‘இவர் யார்’ என்று கணக்குப் போடும் பழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகையைப் பார்த்து ஒருவர் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை அவர் முதலில் பேசினார். எத்தனை பேர், என்ன வேலை, எப்போது வீட்டைப் பார்க்கலாம் என்ற பேச்சுக்குப் பிறகே பெயர் வந்தது. அந்தச் சில நிமிடங்களில் ஒரு மனிதராக அறிமுகமாக அவருக்கு வாய்ப்பு இருந்தது. இனி, பெயர் முதலில் வரும். வீட்டுக்காரர் அழைப்பை எடுக்காமலேயே விட்டுவிடலாம். எடுத்து மறுத்தால் கேள்வி கேட்கலாம். எடுக்கவே இல்லை என்றால், மறுக்கப்பட்டதே தெரியாது. வேலை கேட்டு அழைப்பவருக்கும் இதே நிலைதான்.

பெண்களின் நிலை இன்னும் கூர்மையானது. ஆட்டோ ஓட்டுநரையோ, உணவு கொண்டுவருபவரையோ, பழைய பொருளை விற்க விளம்பரம் கொடுத்தவரையோ அழைக்கும் ஒரு பெண், தன் எண்ணுடன் சேர்த்து முழுப் பெயரையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். பெயரும் எண்ணும் சேர்ந்தால் சமூக வலைதளங்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. எண்ணையே மறைக்கும் ‘சிஎல்ஐஆர்’ வசதி பெற்றவர்களின் பெயர் காட்டப்படாது என்று விலக்கு இருக்கிறது. ஆனால், அந்த வசதி சாதாரண மக்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் மூன்று பொத்தான்களை அழுத்திப் பெறுகிற பாதுகாப்பு, இங்கே செல்வாக்கும் காரணமும் உள்ளவர்களுக்கானதாக இருக்கிறது.

மோசடியைத் தடுக்குமா?

பெயர் காட்டும் சேவைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான காரணம் மோசடித் தடுப்பு. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி முதியவர்களின் வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கும் கும்பல்கள் பெருகியுள்ள நிலையில், இந்தக் காரணத்தை அலட்சியம் செய்ய முடியாது. காவல் அதிகாரி என்று சொல்பவரின் எண்ணுக்கு மேல் யாரோ ஒரு தனிமனிதரின் பெயர் தோன்றினால், பலர் விழித்துக்கொள்வார்கள். இது உண்மையான பயன்.

ஆனால், பயனின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஏழைகளின் ஆவணங்களைக் கொண்டு வாங்கப்பட்ட சிம் கார்டிலிருந்து மோசடிக்காரர் அழைத்தால், திரையில் தோன்றுவது ஒரு நிரபராதியின் உண்மையான பெயர். மேலும், இத்தகைய மிரட்டல்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் காணொலி அழைப்புகளுக்கு மாறிவிடுகின்றன. தொலைபேசி வலையமைப்பின் பெயர் காட்டும் சேவை அங்கே எட்டாது.

எண்ணையே போலியாகக் காட்டுவது இன்னொரு தந்திரம். எண் பொய்யானால், அதை வைத்துத் தேடி எடுத்த பெயரும் பொய்யாகும். அதுவும் ‘சரிபார்க்கப்பட்ட பெயர்’ என்ற மதிப்போடு வரும் பொய். இதனால்தான் அமெரிக்கா, பெயரை விடுத்து முதலில் எண்ணின் உண்மையை உறுதிசெய்ய முனைந்தது. 2019 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, அழைப்பு புறப்படும் இடத்திலேயே அதற்கு மின்னணுக் கையெழுத்திடும் ‘ஸ்டிர்-ஷேக்கன்’ முறையை, 2021 ஜூன் இறுதிக்குள் பெரிய நிறுவனங்கள் நடைமுறைப்படுத்த வேண்டியதாயிற்று. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைப் போலவே தோற்றமளித்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பை மத்திய அரசும் 2024 அக்டோபரில் தொடங்கியது. வங்கி, நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்களும், விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. யாருடைய தனியுரிமையையும் தொடாமல் மக்களுக்கு உதவும் ஏற்பாடுகள் இவை. 1600 அல்லாத எண்ணிலிருந்து ‘வங்கி’ பேசினால் நம்ப வேண்டாம் என்ற ஒரு பாடத்தை ஊருக்கு ஊர் கொண்டுசேர்த்தாலே பெரும்பயன் விளையும்.

ஒன்றும் கோடியும்

ஒருவர் தமக்கு வந்த அழைப்புக்குப் பெயர் தேடுவது இயல்பானது. அதே நிரலை ஒரு சுழற்சிக்குள் வைத்து, எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. இந்தியச் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். அதாவது, சாத்தியமான எண்கள் மொத்தம் 400 கோடி. விநாடிக்கு ஆயிரம் கேள்விகள் கேட்க முடிந்தால், 47 நாள்களுக்குள் அத்தனை எண்களையும் கேட்டு முடித்துவிடலாம். ஒரு நாட்டின் தொலைபேசிக் கையேடு முழுவதையும் ஒருவர் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

இது கற்பனை அல்ல. நண்பர்களைத் தேடுவதற்காகத் தொடர்புப் பட்டியலை ஏற்றும் வசதியை ஃபேஸ்புக் வைத்திருந்தது. அதில் எண்களைத் தொகுதி தொகுதியாகக் கொடுத்து, எந்த எண் யாருடையது என்று சிலர் சேகரித்தார்கள். அவ்வாறு திரட்டப்பட்ட 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் 2021 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாகக் கொட்டப்பட்டன. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வாட்ஸ்அப்பின் தொடர்பு கண்டறியும் வசதியிடம் இதே முறையில் கேள்வி கேட்டு, உலகெங்கும் 350 கோடி கணக்குகளைக் கண்டறிய முடிந்தது என்று வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் வெளிப்படுத்தினார்கள். இரண்டு இடங்களிலும் பூட்டு உடைக்கப்படவில்லை. திறந்திருந்த வாசலில் அளவுக்கு மீறிக் கேள்வி கேட்கப்பட்டது.

செய்ய வேண்டியவை

மீண்டும் மருந்துக் கடைக்கு வருவோம். நிரல் எழுதுபவர் சில நெறிகளைக் கைக்கொண்டால் போதும். முதலில், கடையின் சொந்த வாடிக்கையாளர் பட்டியலிலேயே எண்ணைத் தேட வேண்டும். அந்தப் பெயர், வாடிக்கையாளர் தாமே இசைந்து தந்தது. பெரும்பாலான அழைப்புகளுக்கு இதுவே போதுமானது. வெளித் தரவுத்தளத்திடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வரும் பதிலை நெடுங்காலம் சேமித்துவைக்கக் கூடாது. கைவிடப்பட்ட எண்கள், குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். சென்ற ஆண்டின் பெயர் இந்த ஆண்டின் ஆளைக் குறிக்காமல் போகலாம்.

எண் மறைக்கப்பட்டிருக்கிறது, எண்ணுக்குப் பெயர் பதிவில் இல்லை, தேடல் தோல்வியுற்றது என்ற மூன்று நிலைகளையும் திரை தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, திரையில் தோன்றிய பெயரை நம்பி மருந்து விவரத்தையோ நோய் விவரத்தையோ பேசிவிடக் கூடாது. ‘யார் பேசுகிறீர்கள்?’ என்ற பழைய கேள்விக்கு மாற்று இன்னும் வரவில்லை.

அரசு செய்ய வேண்டியவையும் தெளிவானவை. அழைப்பு வரும் கணத்தில், அழைக்கப்பட்டவருக்கு மட்டும் பெயர் காட்டப்பட வேண்டும்; எண்ணைத் தட்டிப் பெயரைத் தேடும் வாயிலாக அந்தப் பட்டியல் எவருக்கும் திறக்கப்படக் கூடாது. நிறுவனங்களுக்குத் தரும் ‘விருப்பப் பெயர்’ தெரிவைத் தனிமனிதர்களுக்கும் தந்து, முழுப் பெயரா, முதலெழுத்து மட்டுமா என்பதை அவர்களே முடிவுசெய்ய அனுமதிக்க வேண்டும். ஓர் அழைப்புக்கு மட்டும் பெயரை மறைக்கும் வசதி எல்லோருக்கும் வேண்டும். பெயரற்ற அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமை மறுமுனையில் இருப்பவருக்கு எப்போதும் உண்டு. தவறான பெயரைத் திருத்த, அருகில் உள்ள சேவை மையத்திலேயே வழி இருக்க வேண்டும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அடுத்தவரின் தொடர்புப் பட்டியல் வழியாக ஒருவரின் பெயரைச் சேகரிப்பதும், எண்களைத் தொகுதியாகக் கேட்டுப் பெயர்களைத் திரட்டுவதும் இந்தச் சட்டத்தின் பிடிக்குள் ஐயத்துக்கு இடமின்றி வர வேண்டும்.

அழைப்பவர் யார் என்று அறிய விரும்புவது நியாயமான விருப்பம். அது அழைக்கப்படுபவரின் பாதுகாப்பு. தன் பெயரை யாருக்கு, எப்போது சொல்வது என்று தானே முடிவுசெய்ய விரும்புவதும் அதே அளவு நியாயமானது. அது அழைப்பவரின் மாண்பு. நாம் ஒவ்வொருவரும் ஒரே நாளில் இந்த இரண்டு இடங்களிலும் மாறி மாறி நிற்கிறோம். முதல் விருப்பத்துக்காகக் கட்டப்படும் அமைப்பில் இரண்டாவது விருப்பத்துக்கும் ஓர் இடம் இருந்தாக வேண்டும். நான்கு வரி நிரலால் அதை முடிவுசெய்ய முடியாது. சட்டமும் அதை நடைமுறைப்படுத்தும் நிறுவனங்களுமே முடிவுசெய்ய வேண்டும். பட்டியல்கள் முழுமை பெறும் முன்பே அதைச் செய்வது நல்லது.